ஜான் வெஸ்லியாரின் அன்றாட ஒழுக்கம்

நோயற்ற வாழ்வைக் குறைவற்ற செல்வமென்று போற்றுவது நம் நாட்டு வழக்கு. எனினும், அச்செல்வத்தை ஈட்டும் வழி யாதென்று வினவுவார் மிகச் சிலரே. பொருட்செல்வம் ஒரு நாளிற் புதையலாகக் கிடைத்தலுங் கூடும். உடல்நலமோ காசு காசாகச் சேர்த்தற்குரியது. ஒரு திங்கள் முழுதும் நள்ளிரவு கடந்து விழித்திருந்து பயின்று, தேர்வு முடிந்தபின் ஒரு வாரம் உறங்கி அக்கடனைத் தீர்த்துவிடலாமென்று எண்ணும் நண்பர் நம்முள்ளும் பலர். திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் வேரையும் பச்சிலையையும் கூறாது, பெரும்பகுதியும் உண்ணும் முறையையே கூறிச் சென்றார். நலம் என்பது அன்றாட ஒழுக்கத்தின் பயனேயன்றி அரிய மருந்தின் பயனன்று என்பது அவர் கருத்துப் போலும். இவ்வுண்மைக்கு இலக்கியமாக வாழ்ந்த பெரியார் ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றேன். அவர் மெதடிஸ்டு சபையின் தந்தையாகிய ஜான் வெஸ்லியார். அவருடைய சமயத் தொண்டினைப் பலரும் அறிவர். அத்தொண்டினைத் தாங்கி நின்ற சிறு சிறு பழக்கங்களை அறிந்தார் சிலரே.

இங்கிலாந்து தேசத்தில் லிங்கன்ஷயரைச் சேர்ந்த எப்வொர்த் என்னும் சிற்றூரில், 1703-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 17-ஆம் நாள் வெஸ்லியார் பிறந்தார். பிற்காலத்தில் அந்நாட்டு நாட்காட்டி திருத்தப்பெற்றமையால் ஜூன் 28-ஆம் நாளே அவர் பிறந்தநாளாயிற்று. தந்தையாராகிய சாமுவேல் வெஸ்லி அவ்வூர்க் குருவானவர். அன்னையார் சூசன்னா அம்மையார். அம்மையார் ஈன்ற மக்கள் பத்தொன்பதின்மர் என்பர். அவருள் வளர்ந்து ஆளானோர் பதின்மரே. குடும்பத்தின் வருவாயோ சிறிது, கடனோ பெரிது. கடன்பட்டமையால் தந்தையார் ஒருமுறை சிறையும் புகுந்தார். 1709-ஆம் ஆண்டு குருமனை தீப்பற்றி எரிந்தபொழுது, ஐந்து வயதுச் சிறுவராகிய வெஸ்லியார் மேன்மாடத்துப் பலகணி வழியே அரிதின் மீட்கப்பட்டார். இத்துணைத் துன்பங்களுக்கிடையே அவ்வீட்டில் ஒன்று மட்டும் குலையாது நின்றது. அஃது அன்னையார் வகுத்த ஒழுங்கு. உண்ணும் வேளையன்றி இடையில் உண்டலும் பருகலும், நோயுற்ற காலத்தன்றி, அங்கே இல்லை. முன்வைத்த உணவை முகங்கோணாது உண்ணல் வேண்டும். இரவு எட்டு மணிக்குப் பிள்ளைகள் யாவரும் படுக்கை சேர்தல் வேண்டும். கண்டிப்பு மிக்க வளர்ப்பே அது; எனினும் அளவறிந்து உண்டலும் காலமறிந்து உறங்கலும் வெஸ்லியாருக்குத் தாய்ப்பாலோடு வந்த பழக்கங்களாயின.

இவ்விடத்தே தமிழ்நாட்டார் மகிழ்தற்குரிய செய்தியொன்று உண்டு. டென்மார்க்கு அரசரால் அனுப்பப்பெற்ற சீகன்பால்கு ஐயரும் புளுட்சோ ஐயரும் 1706-ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கித் தமிழ் பயின்று தொண்டாற்றிய வரலாறு ஆங்கிலத்தில் வெளிவந்தது. 1712-ஆம் ஆண்டு, கணவர் ஊரில் இல்லாத காலத்தில், சூசன்னா அம்மையார் அதனைப் படிக்கக் கேட்டு மனமுருகினார். கடல் கடந்து சென்று பிறர் நலம் பேணுவார் இருக்க, தம் வீட்டிற் பிறந்த மக்களின் உள்ளத்தைத் தாம் இன்னும் நன்கு பேணவில்லையே என்று எண்ணினார். அன்றுமுதல் வாரத்தின் ஒவ்வோர் இரவிலும் ஒரு மகவைத் தனியே அழைத்து உரையாடும் வழக்கத்தைத் தொடங்கினார். ஜானுக்குரிய நாள் வியாழக்கிழமை. வாரத்திற்கு ஒருமுறை, சிறுபொழுது, அவ்வளவே. ஆயினும், அம்மகனார் வளர்ந்து ஆக்ஸ்போர்டிற் கல்லூரி ஆசிரியரான பின்னரும், அவ்வியாழக்கிழமைப் பொழுதைத் தமக்கென ஒதுக்கி நினைக்குமாறு அன்னையாருக்குக் கடிதம் எழுதினார். சிறு பழக்கம் ஒன்று இடையறாது நிகழுமாயின் அதன் வேர் எத்துணை ஆழம் செல்லும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

1714-ஆம் ஆண்டு, பத்து வயதில், இலண்டன் மாநகரில் சார்ட்டர்ஹவுஸ் என்னும் பள்ளியில் வெஸ்லியார் சேர்ந்தார். அங்கே மூத்த மாணவர் இளையவர் பங்கிலுள்ள இறைச்சியைப் பறித்துண்ணுதல் வழக்கம். ஆகவே நெடுங்காலம் இவருக்கு எஞ்சியது பெரும்பாலும் ரொட்டியே. தந்தையார் இவரை வழியனுப்பும்பொழுது ஒரு கட்டளை இட்டிருந்தார். நாள்தோறும் காலையில் பள்ளித் தோட்டத்தை மும்முறை சுற்றி ஓடிவரல் வேண்டும் என்பதே அது. சிறுவர் அதனைத் தவறாது செய்தார். பிற்காலத்தில் தம் உடலின் உறுதிக்கு அவ்வோட்டமும் ஒரு காரணமென அவர் நன்றியோடு நினைவு கூர்ந்தார்.

1720-இல் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையின் கிறைஸ்ட் சர்ச்சுக் கல்லூரியில் சேர்ந்தார். 1724-ஆம் ஆண்டு, ஜார்ஜ் செயின் என்னும் மருத்துவர் உடல்நலமும் நீண்ட ஆயுளும் பற்றி எழுதிய நூலொன்று வெளிவந்தது. அளவாக உண்க, தூய நீர் பருகுக, உடலுக்கு வேலை கொடுக்க என்பன அந்நூலின் சாரம். வெஸ்லியார் அதனை விரும்பிக் கற்று அன்னையாருக்கும் எழுதியதோடு அமையாது, தம் உண்டியையும் அவ்வாறே சுருக்கிக்கொண்டார். படித்ததை அன்றே தம்மீது சோதித்துப் பார்த்தல் அவர் இயல்பு.

அச்சோதனைகளுள் தலையாயது துயில் பற்றியது. நாள்தோறும் நள்ளிரவில் பன்னிரண்டு மணிக்கோ ஒரு மணிக்கோ விழிப்பு வர, நெடுநேரம் உறக்கமின்றிக் கிடந்தார். உடலுக்கு வேண்டியதினும் மிகுதியாகப் படுக்கையிற் கிடப்பதே இதற்குக் காரணமாகலாமென ஐயுற்றார். எழுப்புமணி ஒன்றை வாங்கினார். முதல் நாள், வழக்கமாக எழும் நேரத்திற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்னதாக, ஏழு மணிக்கு எழுந்தார். அன்றிரவும் விழிப்பு வந்தது. இரண்டாம் நாள் ஆறு மணிக்கு எழுந்தார், விழிப்பு நீங்கவில்லை. மூன்றாம் நாள் ஐந்து மணிக்கு எழுந்தார், அப்பொழுதும் நீங்கவில்லை. நான்காம் நாள் நான்கு மணிக்கு எழுந்தார். அன்றிரவு படுத்தவர் இடையில் விழிக்கவேயில்லை. தம் உடலுக்குரிய துயிலின் அளவை அவர் இவ்வாறு அறிந்துகொண்டார். அன்று தொடங்கிய வைகறைத் துயிலெழல் ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் நிலைத்தது. 1782-ஆம் ஆண்டு, காலத்தைப் பயன்படுத்தல் பற்றிய சொற்பொழிவொன்றில் தம் அனுபவத்தை அவரே விளக்கினார். முன்னெழுவார் முன்னரே படுத்தல் வேண்டும் என்பதையும் அவர் வற்புறுத்தினார் என்பதை நாம் மறத்தலாகாது. அவர் உறக்கத்தைப் பகைத்தவரல்லர். அதனை அளந்து கொண்டவர்.

1726-இல் லிங்கன் கல்லூரியில் ஆசிரியப் பதவி பெற்றார். தம்பியார் சார்லஸும் வேறு சில நண்பரும் கூடி நடத்திய சிறு கூட்டத்திற்கு 1729 முதல் தலைமை பூண்டார். இன்ன நேரத்தில் இன்னது செய்தலென்று முறை வகுத்து வாழ்ந்தமையால், ஏனைய மாணவர் இவர்களை முறைக்காரர் எனப் பொருள்படும் மெதடிஸ்டு என்னும் பெயரால் நகையாடினர். அந்நகைப்பெயரே பின்னர் உலகறிந்த சபையின் பெயராயிற்று. அக்காலத்தே தம்பியாரும் அவரும் பயணம் செய்யும்பொழுது நடந்தே செல்வர். நடக்கும்பொழுதே புத்தகமும் படிப்பர். நாளொன்றுக்கு இருபத்துநான்கு இருபத்தைந்து மைல் நடத்தல் எளிதென்று கண்டுகொண்டனர். வண்டிக் கூலியில் மிஞ்சியது ஏழைகளுக்காயிற்று. ஆண்டு வருவாய் முப்பது பவுனாக இருந்தபொழுது இருபத்தெட்டுப் பவுனில் வாழ்ந்து இரண்டு பவுனை அறஞ்செய்தவர், வருவாய் அறுபதாயினும் தொண்ணூறாயினும் அவ்விருபத்தெட்டிலேயே வாழ்ந்து எஞ்சியதனைத்தையும் வழங்கினார். உணவிற் கொண்ட அளவு பொருளினும் படர்ந்தது.

1735-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஜார்ஜியா நாட்டிற்குத் தொண்டு செய்யக் கப்பலேறினார். கப்பலிற் புலாலும் திராட்சை மதுவும் விலக்கிச் சோறும் பிஸ்கோத்துமே பெரும்பாலும் உணவாகக் கொண்டார். ஜார்ஜியாவிற் சில நாள் ரொட்டி ஒன்றையே உண்டு பார்த்து, உடல் தளராமை கண்டு வியந்தார். உடல் தளரவில்லையாயினும் உள்ளம் தளர்ந்தது. அங்கே எடுத்த பணி இனிது முடியவில்லை. 1738-இல் தாயகம் மீண்டார். அவ்வாண்டு மே திங்கள் 24-ஆம் நாள் இலண்டனில் ஆல்டர்ஸ்கேட்டுத் தெருவில் நிகழ்ந்த கூட்டமொன்றில் கிறிஸ்துவின்பால் உறுதியான நம்பிக்கை பெற்றார். விதிகளாற் கட்டுண்டு நடந்தவர் அன்று முதல் அன்பினால் ஏவப்பட்டு நடந்தார். பழக்கங்கள் மாறவில்லை, அவற்றின் நோக்கம் மாறியது.

1739-இல் பிரிஸ்டல் நகரின் புறத்தே வெட்டவெளியில் முதன்முறை பிரசங்கித்தார். சுரங்கத் தொழிலாளரும் நெசவாளரும் வேலைக்குச் செல்லுமுன் கேட்டற்பொருட்டு, காலை ஐந்து மணிக்குப் பேசுதல் அவர் வழக்கமாயிற்று. ஐந்து மணிக்குப் பேசுவார் நான்கு மணிக்கு எழாது இயலுமோ? பின்னர் ஓரூரினின்றும் மற்றோரூருக்குக் குதிரைமீது செல்வார். கடிவாளத்தைத் தளரவிட்டுக் கையிற் புத்தகம் ஏந்திப் படித்துக்கொண்டே ஆயிரக்கணக்கான மைல் சென்றார். முதுமையில் நண்பர் வண்டியொன்று அளிக்கும்வரை இதுவே அவர் பயண முறை. வாழ்நாளில் அவர் சென்ற தொலைவு இரண்டரை இலட்சம் மைல் என்றும், நிகழ்த்திய பிரசங்கங்கள் நாற்பதாயிரம் என்றும் கணக்கிடுவர். இவ்விரண்டு பேரெண்களையும் நாட்கணக்கில் வகுத்துப் பார்ப்பார்க்கு, நாளொன்றுக்குச் சிறிது தூரமும் ஒன்றிரண்டு பிரசங்கமுமே எஞ்சும். அச்சிறு தொகை ஐம்பது ஆண்டு விடாது நிகழ்ந்தமையே வியப்பு.

தேநீர் பற்றிய அவர் அனுபவம் மாணவர்க்குப் பெரிதும் பயன்படும். காலையுணவிற்குப் பின் தம் கை நடுங்குதலை ஆக்ஸ்போர்டு நாட்களிலேயே அவர் கண்டிருந்தார். தேநீரே காரணமென ஐயுற்று, அளவைக் குறைத்தார். பாலும் சர்க்கரையும் மிகுதியாகச் சேர்த்துப் பார்த்தார். நடுக்கம் முற்றிலும் நீங்கவில்லை. இலண்டனில் உழைத்துண்ணும் ஏழை மக்கள் பலரும் அவ்வாறே துன்புறுவதையும், வயிற்றுக்குச் செல்லவேண்டிய காசு தேயிலைக்குச் செல்வதையும் கண்டபொழுது, பிறர்க்குச் சொல்லுமுன் தாம் விடுதலே முறையென்று, 1746-ஆம் ஆண்டு தேநீரை அறவே விட்டார். முதல் மூன்று நாளும் தலைவலி வாட்டியது. மயக்கம் போல உறக்கம் வந்தது. மூன்றாம் நாள் நினைவாற்றலும் கெட்டது. நான்காம் நாள் வலியும் மயக்கமும் அகன்றன. அப்பழக்கத்தை விட்டபொழுது அவர் பெரிதும் இடர்ப்பட்ட காலம் இம்மூன்று நாளே என்பது கருதத் தக்கது. பன்னீராண்டு கழித்து, பாதர்கில் என்னும் மருத்துவரின் சொற்படி, மீண்டும் தேநீர் அருந்தத் தொடங்கினார். தாம் அச்சிட்டு வெளியிட்ட கருத்தேயாயினும், அறிந்தார் ஒருவர் அறிவுரை கேட்டு அதனை மாற்றிக்கொள்ள அவர் நாணவில்லை.

அவ்வாண்டின் இறுதியிலேயே இலண்டனில் ஏழைகளுக்கு இலவசமாக மருந்து வழங்கும் நிலையமொன்றைத் தொடங்கினார். மறு ஆண்டு, எளியோர் தம் வீட்டிலேயே கையாளத்தக்க மருந்துகளைத் தொகுத்து ஒரு சிறு நூலாக வெளியிட்டார். அது மலிவு விலையில் விற்கப்பட்டு, அவர் வாழ்நாளிலேயே இருபதுக்கு மேற்பட்ட பதிப்புக்கள் கண்டது. அந்நூலின் மருந்துகளுட் பல இக்காலத்தார் ஏற்கத்தக்கன அல்ல. குடல் முறுக்குண்டார்க்குப் பாதரசம் கொடுக்கக் கூறியது போன்றவை தீங்கு பயப்பனவே. ஆயின், முன்னுரையிற் செயின் மருத்துவரைப் பின்பற்றி அவர் கூறிய விதிகளுட் பல இன்றும் வாடவில்லை. தூய காற்று வேண்டும். உணவு எளியதாகவும் தனக்குச் செரிக்கும் அளவினதாகவும் இருத்தல் வேண்டும். பருகுவதற்கு நீரே சிறந்தது. ஊறவைத்தும் புகையூட்டியும் உப்பிட்டும் வைத்த உணவுகளைக் குறைத்தல் வேண்டும். வலியுடையார்க்கு நடத்தலே சிறந்த பயிற்சி. வயிறு நிறைந்தவுடன் பயிற்சி கூடாது. கற்பார் நாள்தோறும் உடற்பயிற்சிக்கென நேரம் வரையறுத்தலும், இயன்ற அளவு நின்றுகொண்டே படித்தலும் எழுதுதலும் நன்று. சினமும் கவலையும் உடலை அரிக்கும். கடவுள் அன்பு உள்ளத்தை அமைதிப்படுத்தி உடலையும் காக்கும். மேசைமுன் குனிந்த முதுகோடு நாள் முழுதும் அமர்ந்திருக்கும் நம்மனோர்க்கே எழுதினாற்போல இவை உள்ளன அல்லவா?

இத்துணையும் கேட்டு, அவரை நோய் அணுகவேயில்லை என்று கருதற்க. 1753-ஆம் ஆண்டு, ஐம்பதாம் வயதில், இருமலும் காய்ச்சலும் முற்றி எலும்புருக்கி நோயென்று யாவரும் அஞ்சும் நிலை எய்தினார். பாதர்கில் மருத்துவர் அவரை நகரைவிட்டு நீங்குமாறு பணித்து, நாட்டுப்புறக் காற்று, ஓய்வு, கழுதைப்பால், நாள்தோறும் குதிரையேற்றம் என்பவற்றையே மருந்தாக விதித்தார். வெஸ்லியார் இலண்டனை அடுத்த லூயிஷத்திற்குச் சென்று, தம் கல்லறையிற் பொறித்தற்குரிய சொற்களையும் தாமே எழுதி வைத்தார். உயிர் பிழைத்தார். எனினும் சில திங்கள் பயணமும் பிரசங்கமும் இயலவில்லை. அதுகொண்டு சோர்ந்திராது, 1754 ஜனவரியில் புதிய ஏற்பாட்டிற்கு விளக்கவுரை எழுதத் தொடங்கினார். உழைப்பதற்கு இயலாதபொழுது ஓய்ந்திருக்கவும், ஓய்ந்திருக்கும்பொழுது இயன்றதைச் செய்யவும் அவர் அறிந்திருந்தார். தம் முடிவென்று கருதிய அந்நாளுக்குப் பின் அவர் முப்பத்தேழு ஆண்டு வாழ்ந்தார்.

பெரியார் வரலாற்றைக் கூறுவார் அவர்தம் பிழைகளை மறைத்தல் முறையன்று. 1748-இல் கிங்ஸ்வுட்டில் அவர் நிறுவிய பள்ளியிற் சிறு பிள்ளைகளும் நான்கு மணிக்கு எழுதல் வேண்டுமென்றும், விளையாட்டு நாள் என்பதே கூடாதென்றும் விதித்தார். தந்தையார் சொற்படி தோட்டத்தைச் சுற்றி ஓடி வளர்ந்தவர், பிள்ளைகளுக்கு ஓட்டமும் ஆட்டமும் எத்துணை இன்றியமையாதன என்பதை எவ்வாறு மறந்தாரோ அறியோம். அப்பள்ளி அவருக்கு நெடுங்காலம் மனக்குறையையே தந்தது. 1751-இல் அவர் செய்துகொண்ட திருமணமும் இன்பமாக அமையவில்லை. வீட்டில் தங்காத அவருடைய ஓயாப் பயணமும் அதற்கொரு காரணம். தம்மளவிற் சோதித்து மேற்கொண்ட விதி தமக்கு நலம் பயந்தது. பிறர்மீது அவ்வாறே சுமத்திய விதி பயன்தரவில்லை. இதுவும் அவர் வாழ்க்கை நமக்குக் கற்பிக்கும் பாடமே.

முதுமையில், பிறந்தநாள் தோறும் தம் உடல்நிலையை ஆராய்ந்து நாட்குறிப்பில் எழுதுதல் அவர் வழக்கம். 1774-இல், எழுபத்தொரு வயது நிறைந்தபொழுது, முப்பது ஆண்டுகளுக்கு முன்னிருந்த வலிமை குன்றாமைக்குக் காரணம் யாதெனச் சிந்தித்தார். முதற்காரணம் கடவுளின் திருவுளம் என்றார். துணைக்காரணங்களாக, நான்கு மணிக்கு எழுதல், ஐந்து மணிக்குப் பிரசங்கித்தல், ஆண்டொன்றுக்கு நாலாயிரத்து ஐந்நூறு மைலுக்குக் குறையாது பயணம் செய்தல் என்னும் மூன்றைக் குறித்தார். அரிய மருந்தொன்றும் அப்பட்டியலில் இல்லை.

அவ்வலிமையை அவர் எதற்குச் செலவிட்டார்? 1785 ஜனவரியில் அவருக்கு வயது எண்பத்தொன்று. இலண்டனில் ஏழைகளுக்கு உடையின்மை கண்டு, பனி உருகிக் கணுக்கால் அளவு நிற்கும் தெருக்களில் நாட்கணக்கில் நடந்து, வீடுவீடாக இரந்து இருநூறு பவுன் திரட்டினார். காலை முதல் மாலை வரை கால்கள் பனிநீரில் ஊறின. வார இறுதியிற் கடும் வயிற்றுப்போக்குக் கண்டு படுக்கையில் விழுந்தார். அளவறிந்து அறுபது ஆண்டு சேமித்த உடலை, பிறர் குளிர் போக்குதற்கு ஒரு வாரத்தில் அவர் அளவின்றிச் செலவிட்டதை எண்ணுங்கால் உள்ளம் உருகுகின்றது. சேமித்தார்க்கன்றோ செலவிடல் இயலும்!

1791-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள், அடிமை வாணிகத்தை ஒழிக்கப் போராடிய வில்பர்போர்சு என்பாருக்கு ஊக்கமூட்டி ஒரு கடிதம் எழுதினார். அதுவே அவர் எழுதிய இறுதிக் கடிதமென்பர். மார்ச்சு 2-ஆம் நாள், எண்பத்தேழு வயது நிரம்பியவராய், இலண்டனில் தம் இல்லத்தில் அமைதியாக உயிர் நீத்தார். தம் உடலை ஏழைகள் அறுவர் சுமக்கவேண்டுமென்றும், ஒவ்வொருவர்க்கும் இருபது ஷில்லிங்கு கொடுக்கவேண்டுமென்றும் முன்னரே எழுதி வைத்திருந்தார். அவர் மறைந்து இருபத்துமூன்று ஆண்டு கழித்து, 1814-இல், அவர் வழிவந்த தொண்டர் இலங்கையில் வந்திறங்கித் தமிழரிடையும் பணி தொடங்கினர். தரங்கம்பாடியினின்றும் எப்வொர்த்துக்குச் சென்ற விளக்கொளி இவ்வாறு தமிழ் வழங்கும் நிலத்திற்கே மீண்டது.

நண்பர்காள், வெஸ்லியாரைப் போல நாமும் நாளையே நான்கு மணிக்கு எழுதல் வேண்டுமென்று கூற யான் துணியேன். பதின்மூன்று முதல் பதினெட்டு வயதினர்க்கு எட்டு முதல் பத்து மணி நேரமும், அதற்கு மேற்பட்டார்க்கு ஏழு மணி நேரத்திற்குக் குறையாமலும் துயில் வேண்டுமென்பது இக்கால மருத்துவர் கொள்கை. நாம் பின்பற்றத்தக்கது அவருடைய கடிகாரத்தின் எண்ணையன்று. அவர் மேற்கொண்ட முறையை. ஒன்றைத் தேர்க, சிறிது சிறிதாக மாற்றுக, தன் உடலே சான்றாகச் சோதித்தறிக, நன்றெனக் கண்டபின் விடாது பற்றுக, தவறெனத் தெரிந்தால் நாணாது விடுக. படுக்கும் நேரத்தை இன்று கால்மணி முன்னே தள்ளுவதும், விடுதியினின்றும் கல்லூரிக்கு நடந்தே வருவதும், பசித்தபின் அளவாக உண்பதும் எவர்க்கும் அரியன அல்ல. தேர்வு முடிந்ததும் இவற்றைத் தொடங்கலாம் என்று எண்ணற்க. வெஸ்லியாரின் எழுப்புமணி ஒரு மாணவ நகரிலேதான் முதன்முதல் ஒலித்தது. தேர்வுகள் பல இனியும் வரும், உடலோ ஒன்றே. அதனை ஆண்டவர் நம்மிடம் ஒப்புவித்தது நாம் அழகு பார்த்தற்கன்று. பிறர் பனியில் நடுங்கும் நாளில் நாம் எழுந்து நடத்தற்கே.